முனியின் தம்ளர்

ஊறல் கொதித்து, குழாயில் முதலில் இறங்குகிற ஒரு தம்ளர் சாராயம் முனிக்கு. முனி இருப்பது கொல்லை வேம்பில். அந்தத் தம்ளரில் மனிதர் வாய் வைக்கக் கூடாது. சடைச்சி வாழ வந்த இந்தப் பதினோரு வருடமும், காய்ச்சும்போதெல்லாம் அவள்தான் அதை மரத்தின் தூரில் ஊற்றிக் கும்பிட்டாள். இந்தப் பங்குனியில் ஊர் வேம்பெல்லாம் பூத்தபோது அது மட்டும் மொட்டையாக நின்றது. தொட்ட இடத்தில் பட்டை பொடியாக உதிர்ந்தது.

"முனி காலி பண்ணிட்டுப் போயிட்டாருடி," என்றான் அவள் புருஷன் கொம்பையா. "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குப் படையல்? இருக்கறதுலயே காரமானது அதுதேன். இங்க கொண்டா."

"வேணாம்யா, சாமி பங்கு."

"சாமியே இல்லங்கறேன்."

அன்றிலிருந்து அந்தத் தம்ளரை அவனே குடித்தான். ஆடி மாதம் ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டை விட்டுவிட்டு வெறுந்தரையைப் பிசைந்தபடி, "என்னடி, மோடம் போட்டிருக்கா?" என்று கேட்டான். வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பார்வை இனித் திரும்பாது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அடுத்த முறை அவள் காய்ச்சியபோது, கட்டிலில் உட்கார்ந்து சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"முனி எங்கயும் போகல. நாந்தேன் அவரு பங்கக் குடிச்சுட்டேன். இனிமே ரெண்டு தம்ளரா ஊத்து."

இரண்டு கையிலும் தம்ளருடன் சடைச்சி கொல்லைக்குப் போனாள். நாலு மாதமாக எதுவும் ஊற்றாத தூரிலிருந்து விரல் நீளத்துக்குச் செந்துளிர் கிளம்பியிருந்தது.

"ஊத்திட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

அவள் துளிரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்ளர்கள் தளும்பின.

"ஊத்திட்டேன்," என்றாள்.