பிறந்த வீட்டுச் சாவு

கைப்பேசியைப் பார்த்ததும் செல்லக்கிளி துள்ளிக் குதித்தாள். கடற்கரையில் தோண்டிய பெருங்கற்காலப் புதைமேட்டில் ஒரு பெண்ணின் எலும்பு கிடைத்திருந்தது. ஊராரிடம் எச்சில் எடுத்து மரபணுச் சோதனை செய்ததில், உயிரோடிருப்பவர்களில் அந்தப் பெண்ணுக்கு மிக நெருங்கிய சொந்தம் செல்லக்கிளிதானாம்.

புயலில் கரையொதுங்கிய குழந்தை அவள். உறவென்று இதுவரை ஒருவரும் கிடைத்ததில்லை.

அவசரமாகப் புதுச்சேலையை எடுத்தாள்.

"எங்கடி ஓடுற?" என்றான் கணவன் வீரபத்திரன்.

"எங்க வீட்டுச் சாவுக்கு. கோடி போட வேணாமா?"

"அவங்க செத்து மூவாயிரம் வருசமாச்சுடி!"

"எனக்கு இப்பதானய்யா சேதி வந்துச்சு!"

மேட்டில் எலும்புகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டிமேல் சேலையைப் போர்த்தினாள். ஊர்ச் சாவுகளில் எல்லாம் ஓரமாகவே நின்றவள், இன்று உரிமையோடு தலைமாட்டில் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஓடிவந்த வீரபத்திரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? மாமியாருக்கு மாலை வாங்கிட்டு வா!"