துள்ளிய பழம்

நவம்பர் வெயில் அடுப்படி ஜன்னல் வழியே சாய்ந்து விழுகிறது. சட்டியில் கிரான்பெரிப் பழங்கள் பட்பட்டென்று வெடிக்க, டெல்ஃபினா ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டுக் கிளறுகிறாள். இன்று நன்றித் திருநாள். விருந்து மேசையில் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். அவளுக்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு நாற்காலியே கதியென்று கிடக்கும் அவள் கணவர் அர்மிந்தோ, மீதிப் பழங்களை ஒவ்வொன்றாக மேசையில் போட்டுப் பார்க்கிறார். துள்ளினால் நல்ல பழம். அவர்கள் பழவயலில் அதுதான் சட்டம். ஒன்று துள்ளாமல் சப்பென்று கிடக்கிறது.

"இதுவும் என்னை மாதிரிதான், டெல்ஃபி."

"அது அழுகல். உனக்கு வாயாவது துள்ளுதே," என்று அவள் அதைப் பொறுக்கிக் குப்பையில் எறிகிறாள்.

அவர் சிரித்தபடி அடுத்ததைப் போடுகிறார். அது எம்பிக் குதித்து, மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் உருள்கிறது. "ஏய், எங்க ஓடுற, நில்லு," என்று பழத்தை அதட்டிக்கொண்டே அர்மிந்தோ மேசையைப் பிடித்து எழுந்து, அதன் பின்னால் இரண்டடி வைத்துவிடுகிறார். எழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. டெல்ஃபினா அடுப்பை விட்டுத் திரும்பி அவரையே பார்க்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் சட்டி சிவப்பாகப் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. வழியட்டும் என்று கரண்டியும் கையுமாக நிற்கிறாள்.