தெருமுனைச் சத்தம்

"அண்ணே, வண்டிக்குப் புது ஷாக் அப்சார்பர் போட்டாலும் இந்தச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை வெளியே நீட்டினார். சத்தம் போகணும் என்று வருகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். இருக்கணும் என்று கேட்ட முதல் ஆள் இவள்தான்.

"என்னம்மா சொல்றீங்க? சத்தமே கோளாறுதானே!"

அவள் பயத்துடன் வாசல் பக்கம் பார்த்தாள். கணவர் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் எழுந்து வந்து பானெட்டின் மூலையை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். வண்டி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது.

"பார்த்தீங்களா? ஒரு தடவை எழும்பி நிக்கணும். நிக்குதா? ஹைவேயில வேகமா போறப்போ திடீர்னு பிரேக் அடிச்சா டயர் ரோட்டைப் பிடிக்காது. மலைப்பாதையைக் கேக்கவே வேணாம். ஒரு பள்ளத்துல விழுந்து எழும்பினா, எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாது. சார் உசிரு சம்பந்தப்பட்டது."

அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஷாக்கை மாத்துங்கண்ணே, வேணாங்கல. அந்த லொடக் லொடக் மட்டும் இருக்கட்டும். எங்க தெருமுனையில ஒரு வேகத்தடை இருக்கு. அதுல ஏறி இறங்குறப்போ வீடு வரைக்கும் கேக்கும். அவர் வந்துட்டார்னு தெரிஞ்சிடும்."

மெக்கானிக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. "அடடா! அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? நான் வீட்டுக்குள்ள போய் எதிர்ல நின்னாக்கூட என் வீட்டுக்காரி டிவியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டா. சார் கொடுத்து வெச்சவர்தான், போங்க!"

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

கணவர் உள்ளே வந்தார். கையில் மெக்கானிக்குக்கும் சேர்த்து டீ. "என்ன மாஸ்டர், என் பொண்டாட்டி உங்களை வேலை செய்ய விடலையா?" என்றார் சிரித்தபடி. அவர் பேச்சில் தேன் ஒழுகியது.

மெக்கானிக் மூன்று வகை ஷாக்குகளை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

"இதுல சத்தமே வராதது எது?"

"சத்தத்தை மட்டும் பார்த்து எடுக்காதீங்க சார். இந்த ஆயில் ஷாக் ஹைவேயில மெத்தை மாதிரி போகும். கல்லுப் பாதையில சூடாயிட்டா தளர்ந்துடும். அந்த முரட்டுத் தடியன் காட்டுக்கு ராஜா, ஆனா ரோட்டுல உங்க முதுகை ஒடிச்சுடுவான். ரெண்டுக்கும் ஓடுற வண்டிக்கு நடுவுல இருக்கிற இந்த கேஸ் ஷாக்தான் சரி. கூடவே தேஞ்சுபோன ரப்பர் புஷ்ஷையும் மாத்திட்டா வண்டி வந்ததே தெரியாது."

"எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றார் கணவர்.



வேலை முடிய மதியம் ஆகிவிட்டது. சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக்கால் நாக்கைக் கட்டிப்போட முடியவில்லை.

"மேடம்தான் பாவம் சார். பழைய சத்தமே இருக்கட்டும்னு கெஞ்சினாங்க. நீங்க வர்றது தெருமுனையிலேயே தெரியணுமாம். எவ்வளவு பாசம் பாருங்க!"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கணவர் வாய்விட்டுச் சிரித்து, மெக்கானிக்கின் தோளில் தட்டினார். அந்தச் சிரிப்பில் குளிர்ந்துபோன மெக்கானிக், கிறீச்சிட்ட வண்டிக் கதவுகளுக்கும் இலவசமாக கிரீஸ் வைத்துவிட்டார்.

வழி நெடுக கணவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அவளுக்கு அவர் ஏதாவது திட்டினாலாவது தேவலை என்றிருந்தது.

தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தினார். உள்ளே பிள்ளைகள் இருவரும் ஏதோ விளையாடிச் சிரிப்பது நன்றாகக் கேட்டது. வண்டி வந்து நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை.

"அந்த மெக்கானிக் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" கணவர் அவள் பக்கம் திரும்பாமல், மிக மெதுவாகச் சொன்னார். "சத்தம் கேட்டதும் பிள்ளைங்களை உள்ரூமுக்குள்ள தள்ளித் தாழ்ப்பாள் போட்டுக்கிறியே, இனிமே நீ எப்படிப் போடுறேன்னு பார்க்கத்தானே ஷாக்கை மாத்தினேன்!"