அம்மா பிறந்த ஊர்

கோயில் முதல் மரியாதைக்கான உத்தரவு சேதுராயரின் மின்னஞ்சலில் கிடந்தது. கடவுச்சொல் மறந்துவிட்டது. மாலைக்குள் உத்தரவைக் காட்டாவிட்டால் பரிவட்டம் பங்காளி மலைக்கண்ணுவின் தலைக்குப் போய்விடும். அவரோ கணினி மையத்தில் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் காலத்துல கோட்டை வாசல்ல காவக்காரன் கேட்ட சொல்லுதான் தாத்தா இந்தக் கடவுச்சொல். பேரே அதுலேருந்து வந்ததுதான்" என்றாள் மையத்தில் வேலை பார்க்கும் ஜெனிபர்.

"எங்கள எந்த வாசல்லயும் எவனும் கேட்டதில்லம்மா" என்றார் சேதுராயர்.

"இப்ப கேக்குதே. மறந்தவங்க நீங்க முன்ன எழுதிவச்ச பதிலச் சொல்லணுமாம். உங்க அம்மா பிறந்த ஊர் எது?"

"நல்லமங்கலம்." ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்த பெயர் அது.

திரை சிவந்தது. "தப்புங்குது. இன்னும் ஒரு தடவைதான் விடும் தாத்தா."

"பெத்தவ ஊரு மறந்துபோச்சாண்ணே?" மலைக்கண்ணு நாற்காலியை நெருக்கிப் போட்டார்.

மின்னஞ்சல் கணக்குத் தொடங்கிய அன்று சேதுராயர், இந்தப் பெட்டி யாரிடம் சொல்லப்போகிறது என்று உண்மையை எழுதிவிட்டார். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கிருந்து ஓடிவந்தாரோ அந்த ஊர். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஊர்.

விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்தார்.

"அடிக்கிறது திரையில தெரியுமாம்மா?"

"பெருசாவே தெரியும் தாத்தா."

மலைக்கண்ணு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டார்.