வலது காதுப் பூ

துனிஸில் பூக்களை உலர்த்தி, கண்ணாடி போல இறுகும் ரெசினில் பதித்துத் தருபவள் ஹயாத். அவள் கடைக்குக் கல்யாணப் பெண் இனெஸ் ஒரு மல்லிகைக் கொத்தோடு வந்தாள்.

"அக்கா, இது மாப்பிள்ளை இடது காதுல வெச்ச கடைசிக் கொத்து. வெள்ளிக்கிழமை நிக்காஹ். அப்புறம் வலது காதுலதான் வெக்கணும்னு சொல்லிட்டேன்."

"வெப்பாரா?"

"வெக்காம? இடது காதுல பூ இருந்தா, இன்னும் ஆள் தேடுறான்னுல்ல ஊர்ப் பொண்ணுங்க நினைக்கும். காதையே அறுத்துடுவேன்."

ஹயாத் சிரிக்கவில்லை. ஈரம் உறிஞ்சும் மணலில் கொத்தைப் புதைத்தாள்.

"நல்லா காயட்டும். அவசரப்பட்டா உள்ளேயே கறுத்துடும். வெளியே பளபளன்னுதான் இருக்கும்."

அலமாரியில் ஒரு ரெசின் கட்டி இருந்தது. அதற்குள் இருந்த மல்லிகையில் ஒரு மொட்டுகூட நிறம் மாறவில்லை.

"இது என்ன விலைக்கா?"

"விக்கிறதுக்கில்ல. என் புருஷன் வலது காதுல கடைசியா வெச்சது."

இனெஸின் முகம் வாடியது. "அல்லா அவருக்கு இரக்கம் காட்டட்டும்."

"ஆமீன்."

"ரொம்ப அழுதீங்களாக்கா?"

"இல்ல. மீன் வாங்கி வெச்சிருந்தேன். அதைக் கழுவினேன்."

அப்போது சென்ட் மணக்க ஒருவர் உள்ளே வந்தார்.

"ஹயாத், கார் சாவி எங்க? ராத்திரி எனக்குச் சாப்பாடு வேணாம்."

"ஆணியில தொங்குது."

சாவியை எடுத்துக்கொண்டு போனவரின் இடது காதில் புது மல்லிகைக் கொத்து இருந்தது.

"யாருக்கா இவரு?" என்றாள் இனெஸ், மெதுவாக.

ஹயாத் மணலைத் தட்டிச் சமன்படுத்தினாள்.

"இப்பத்தானே இரக்கம் காட்டச் சொல்லி வேண்டினே, இவருக்குத்தான்."