பதில் செம்மல்

கேள்வி ‘உடல்நலம்’ பகுதியில் இருந்தது. கேட்டவர் பெயர் தில்லிவாசி.

“வயது ஐம்பத்தெட்டு. காலையில் பால் வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போது நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. இன்னும் போகவில்லை. இடது தோளும் வலிக்கிறது. இந்த ஜனவரிக் குளிரிலும் வேர்க்கிறது. வாயுத் தொல்லைதானே?”

வயது, வேளை, வலிக்கும் பக்கம் எல்லாம் முறைப்படி இருந்தன. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஜெயபால் நினைத்தார்.

‘வினாமேடை’ இணையதளத்தில் யார் எதைக் கேட்டாலும் யாராவது பதில் சொல்வார்கள். அந்த யாராவது பெரும்பாலும் ஜெயபால்தான். டெல்லி வெயிலில் கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்றுவதிலிருந்து கருந்துளை வரை எழுதியிருக்கிறார்.

ஆனாலும் உடல்நலம் அவருடைய தனிக்கோட்டை. அவர் டாக்டர் இல்லை. ஓர் அமைச்சகத்தில் ஊழியர்களின் மருத்துவ பில்களைப் பார்க்கும் பிரிவில் சில வருடம் அதிகாரியாக இருந்தவர். அவர் திருப்பி அனுப்பிய நெஞ்சுவலிகளே ஓர் அலமாரி நிறையும்.

வருடத்தின் சிறந்த பதிலாளர் யார் என்று இன்று மாலை முடிவாகிறது. ‘பதில் செம்மல்’ பட்டம். ஆர்.கே.புரத்தில், அவர் குவார்ட்டர்ஸுக்கு நாலு தெரு தள்ளி, பாராட்டு விழாவுக்கு ஹால் பிடித்தாயிற்று. அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய பந்த்கலா கோட்டும் சலவையிலிருந்து வந்துவிட்டது.

ஒரே இடைஞ்சல், வைஷ்ணவி.

குருகிராமில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். அவளும் அவரும் இப்போது சமநிலை. இந்தக் கேள்விக்கு யாருடைய பதிலை ‘சிறந்த பதில்’ என்று தேர்ந்தெடுக்கிறார்களோ, பட்டம் அவருக்கு. தேர்ந்தெடுக்கும் உரிமை கேள்வி கேட்டவருக்கு மட்டும்தான்.

ஜெயபால் பதிலை முடித்திருந்தார்.

“அன்பர் எழுப்பியுள்ள பொருள் ஆழ்ந்த பரிசீலனைக்குரியது” என்று தொடங்கி, வாயுவின் வகைகளைச் சொல்லி, பெருங்காயம், சுக்கு, ஓமம் ஆகியவற்றைத் தகுந்த இடங்களில் அமர்த்தி, “மேற்கண்டவற்றின் அடிப்படையில், இது வாயுவே எனக் கொள்ள இடமுண்டு” என்று கையெழுத்து போடாத குறையாக முடித்திருந்தார்.

“அருமை ஐயா” என்று வழக்கமான நாலு பேர் வந்து போனார்கள்.

அதற்குக் கீழே வைஷ்ணவியின் பதில். முன்னுரை கிடையாது. ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

“கேஸ்னு நினைச்சு உட்கார்ந்துடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தனியா போகாதீங்க.”

இதெல்லாம் ஒரு பதிலா? ஜெயபால் அதன் கீழே எழுதினார்: “சகோதரி, பீதியைக் கிளப்புவது பதில் ஆகாது.” இதற்கும் நாலு “அருமை ஐயா”.

அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. தில்லிவாசியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“கிளம்பிட்டீங்களா?”

அடுத்து, “சார், இருக்கீங்களா?”

தில்லிவாசியிடமிருந்து சத்தமே இல்லை.

சமையலறையிலிருந்து மஞ்சு எட்டிப் பார்த்தாள். “ஏங்க, ஹீட்டரை எதுக்கு அணைச்சீங்க? எனக்குக் கை விறைக்குது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய் வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைடி. பதில் எழுதிக்கிட்டிருக்கேன்.”

“அச்சா, டாக்டர் சாப்! ரெண்டு மாடி இறங்கி ஒரு முருங்கைக்காய் வாங்க உடம்பு வணங்கலை. ஊருக்கெல்லாம் வைத்தியம்.”

மஞ்சு உள்ளே போய்விட்டாள். மிக்ஸி அலறியது.

ஜெயபால் திரையைக் கீழே தள்ளிப் பார்த்தார். இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஆம்புலன்ஸ் எண்ணைக் கொடுத்திருந்தார். ஒருவர், தன் மாமா இப்படித்தான் கேஸ் என்று சோடா குடித்தார் என்று எழுதி, அதற்கு மேல் எழுதாமல் விட்டிருந்தார். இன்னொருவர் வைஷ்ணவி சொல்வதைக் கேளுங்கள் என்றிருந்தார்.

மேலும் தள்ளினார். வேறு யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா?

இல்லை. வாயு என்று சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவர் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவர் என்பது அவருக்குத் தெரியும்.

ஜெயபால் தன் கணக்கிலிருந்து வெளியே வந்தார்.

முதலிடத்துக்குப் போட்டியிடுகிறவர் தன் பெயரில் போய்க் கேள்வி கேட்பதாவது? அதனால்தான் இன்று காலை, பால் பாக்கெட்டுகளை ஃப்ரிஜ்ஜில் வைத்த கையோடு, இன்னொரு பெயரில் ஒரு கணக்கைத் திறந்திருந்தார். பாஸ்வேர்டை வலது கையால் மட்டும் அடித்தார். இடது கை மடியிலேயே இருந்தது.

“வருக, தில்லிவாசி” என்றது திரை.

பதில்கள் வரிசையாக நின்றன. அவருடையது எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு திரை நீளத்துக்கு. ஒரு தட்டு தட்டினால் பட்டம், ஹால், பொன்னாடை.

விரல் அங்கே கொஞ்சம் நின்றது.

பிறகு கீழே இறங்கி, வைஷ்ணவியின் பதிலைத் தட்டியது. ‘சிறந்த பதில்’ என்று பச்சை விளக்கு எரிந்தது.

அவள் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. “சார்! பக்கத்துல யார் இருக்காங்க?” என்று கேட்டாள்.

“மனைவி” என்று அடித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக முன்னுரை இல்லாமல்.

“கூப்பிடுங்க.”

“மஞ்சு” என்றார்.

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.