முன்வரிசையில் இரண்டு

டிக்கெட் கவுண்டரின் கண்ணாடியில் மாலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. இந்த வாரம் இங்கே நடக்கும் மூன்று நாடகங்களுக்கும் கட்டம் போட்டு மதிப்பெண் இட்ட நோட்டை மகள் நான்காம் முறையாகப் புரட்டுகிறாள். பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்குக் காது நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே வருகிறது. கொஞ்சமாவது கேட்கும்போதே, கொடுக்கும் விலைக்குத் தகுந்த ஒரு நாடகத்தைக் காட்டிவிட வேண்டும். "இன்னைக்கு நாடகத்துக்கு முன்வரிசைல ரெண்டே ரெண்டுதாம்மா இருக்கு," என்கிறார் கவுண்டர்காரர். "இதுல வசனமெல்லாம் சத்தமா பேசுவாங்களா சார்?" "நான் என்னைக்கும்மா உள்ள போய்ப் பார்த்தேன்!" வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். அப்பா அவள் பக்கம் குனிந்து, தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில் சொல்கிறார்: "எதையாவது எடும்மா. கேக்கலைன்னா நீ காதுல சொல்லிட மாட்டியா?" அவள் தலையாட்டுகிறாள். அவர் நிழல் விழுந்த இடத்தில், கண்ணாடியில் ஒட்டிய எழுத்து இப்போது தெளிவாகத் தெரிகிறது: நாடகம் நடக்கும்போது பேசக் கூடாது.